ஆறு பேர் மேசை, மூன்று பேர் வீடு

திருப்பூரில் 'டேபிள்' என்று சொன்னால் யாருக்கும் முதலில் சாப்பாடு ஞாபகத்துக்கு வராது. வரிசையாகத் தையல் மெஷின்களைப் பூட்டி மோட்டாரில் ஓட்டும் பவர் டேபிள்தான் வரும். அப்புறம் கட்டிங் டேபிள், செக்கிங் டேபிள், அயர்ன் டேபிள். இந்த ஊரில் டேபிள் என்றால் காலை எட்டரைக்குத் தொடங்கி, ஆர்டர் அவசரம் என்றால் நடுராத்திரி வரைக்கும் சம்பாதிக்கிற ஒரு ஜீவன்.

ஒரே ஒரு டேபிள் மட்டும்தான் வருஷம் முழுக்க சும்மா நிற்கிறது. அது வீட்டில் இருக்கும் டைனிங் டேபிள்.

கல்யாணச் சீர் வரிசையில் கட்டில், பீரோவோடு ஆறு நாற்காலி போட்ட மேசையும் வந்து இறங்குகிறது. மேலே கனமான கண்ணாடி, கீழே யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த கால்கள். பொண்ணு வீட்டுக்காரர்களின் கௌரவம் அதில் இருக்கிறதாம், சரி. ஆனால் அது போய் நிற்கும் வீடு எத்தனை சதுர அடி என்று யாராவது ஒருத்தர் கேட்டிருப்பாரா? மாட்டார். கேட்டால் சண்டை வரும்.

கணக்கைப் பாருங்கள். மேசை மட்டும் 5 அடிக்கு 3 அடி, அதாவது 15 சதுர அடி. இரண்டு பக்கமும் நாற்காலியை இழுத்து உட்கார 2 அடி வீதம் விட்டால் 35 சதுர அடி. திருப்பூர் லைன் வீட்டில் ஒரு அறை பத்துக்குப் பத்து, 100 சதுர அடி. மூன்றில் ஒரு பங்கு போச்சு. மாசா மாசம் கட்டும் வாடகையிலும் மூன்றில் ஒரு பங்கு அந்த மேசைக்குத்தான் போகிறது. பி.காம். முதல் வருஷ அக்கவுன்ட்ஸ் புத்தகத்தைத் திறந்தவன்கூட இதைச் சொத்து என்று எழுதக் கூச்சப்படுவான். தேய்மானம் ஒரு பக்கம், அது அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தின் செலவு இன்னொரு பக்கம், வருமானம் பூஜ்யம்.

பூஜ்யம் என்பதுகூட தப்பு, கழித்தல்தான். ஒரு வருஷத்தில் அந்த மேசை என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இஸ்திரி போட வேண்டிய துணி, கரண்ட் பில், பாதி காலியான மாத்திரை அட்டை, பிசிறு வெட்ட வீட்டுக்கு எடுத்து வந்த பனியன் கட்டு எல்லாம் அதன் மேல் ஏறிக்கொள்கின்றன. வீட்டில் இருப்பவர்கள் அதன் காலடியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மேசைக்கு மேலே பனியன், மேசைக்குக் கீழே மனுஷன்! பிசிறு வெட்டும் அம்மாவும் தரையில்தான் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், ஏனென்றால் மேலே இடம் இல்லை.

இதற்கு மாற்று மடக்கு மேசை. உடனே கல்யாண மண்டபத்துப் பந்தி மேசையையோ பிளாஸ்டிக் பெட்டி மேசையையோ நினைத்து மூக்கைச் சுளிக்க வேண்டாம். அது வேறு, இது வேறு. நடுவில் ஒல்லியான ஒரு சட்டம், இரண்டு பக்கமும் கீலில் தொங்கும் பலகை. பலகையைத் தூக்கினால் அதற்குக் கீழே கேட் கதவு மாதிரி ஒரு கால் திறந்து வந்து தாங்கிக்கொள்ளும். 17-ம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இது சாதாரணம். கேட்லெக் என்று பெயரே வைத்தார்கள். தொங்கும் பலகைக்கு ஆங்கிலத்தில் லீஃப், இலை! இலை மேல் இலை போட்டுச் சாப்பிடும் பாக்கியம் தமிழனுக்குத்தான் கிடைக்கும் :-)

ஐகியா கம்பெனியின் நோர்டன் என்ற மேசை இதே சங்கதிதான். மூடினால் 26 செ.மீ. ஒரு பலகையைத் தூக்கினால் 89, இரண்டையும் தூக்கினால் 152. அகலம் 80. மூடிய நிலையில் அது எடுத்துக்கொள்ளும் தரை இரண்டேகால் சதுர அடி. சுவர் ஓரமாகத் தள்ளி மேலே ஒரு விளக்கு வைத்தால் அலங்கார மேசை, ஒறம்பரை வந்தால் பந்தி மேசை.

ஆனால் அதை அப்படியே காப்பியடிக்கவும் கூடாது. அது தட்டுக்குப் போட்ட அளவு. நம்ம ஊரில் விசேஷம் என்றால் தலைவாழை இலை விழும், அதற்கு ஆளுக்கு 2 அடி நீளமும் ஒன்றேகால் அடி ஆழமும் வேண்டும். எதிரெதிரே இரண்டு இலை போட்டால் 80 செ.மீ. முடிந்துவிடும், நடுவில் தண்ணீர் டம்ளர் வைக்க இடம் இருக்காது. ஆகவே திருப்பூர் வீட்டுக்கான மேசை அகலம் 3 அடி, நடுச்சட்டம் 1 அடி, பலகை ஒவ்வொன்றும் 26 அங்குலம் இருக்கட்டும். உயரம் வழக்கமான 30 அங்குலம், தொங்கும் பலகை தரையைத் தொடாமல் 4 அங்குலம் மேலே நிற்கும். விளக்குமாறு தாராளமாகப் போகும். திறந்தால் 5 அடி 4 அங்குலம். இலை என்றால் நாலு பேர், தட்டு என்றால் ஆறு பேர். மூடினால் 3 சதுர அடி. நடுச்சட்டத்தில் இரண்டு டிராயர் வைத்தால் பிசிறு வெட்டும் கத்தரி, பள்ளிக்கூடத்துப் பென்சில், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் வீடு கிடைத்துவிடும்.

"அழகு வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அழகு என்றால் பூச்செதுக்கல் என்று நினைப்பதுதான் கோளாறு. பழைய தச்சர்கள் இந்த மேசையில் ஒரு வேலை செய்தார்கள். நடுப்பலகையின் ஓரத்தைக் கால் வட்டமாக இழைப்பார்கள், தொங்கும் பலகையின் ஓரத்தை அதே வட்டத்துக்குக் குழிவாக. கீலின் அச்சு அந்த வட்டத்தின் மையத்தில் சரியாக உட்கார வேண்டும். பலகை ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்று இன்னொன்றைத் தடவிக்கொண்டே போகும். இடைவெளி தெரியாது, கீல் தெரியாது, குழந்தையின் விரலும் அவ்வளவு சுலபத்தில் மாட்டாது. மயிர் அளவு பிசகினாலும் பலகை உரசும். ஆர்ம்ஹோலில் ஓவர்லாக் கோணிப் போனால் பாக்ஸையே திருப்பி அனுப்பும் வெளிநாட்டு பையரைப் பார்த்த ஊர் இது. இந்த நுணுக்கம் இங்கே யாருக்கும் புரியாமல் போகாது. அந்த வேலையைச் செய்யும் ஆசாரிக்குக் கூலி கொடுங்கள். கண்ணாடிக்கும் தும்பிக்கைக் காலுக்கும் கொடுக்கும் காசு இங்கே போகட்டும்.

மரமும் ஒரு விஷயம். அகலமான ஒற்றைப் பலகை மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், ஒரு கோடையில் வளைந்துவிடும். அதனால் நல்ல பிளைவுட், ஓரத்துக்கு மட்டும் மரச்சட்டம். அந்த வட்ட இழைப்பை மரத்தில் எடுத்தால்தான் நிற்கும், பிளைவுட் ஓரத்தில் உதிர்ந்துவிடும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. திறக்கும் கால் பலகையின் மூன்றில் இரண்டு பங்கு தூரமாவது வெளியே வராவிட்டால், ஓரத்தில் ஒரு தாத்தா முழங்கையை ஊன்றி எழுந்தால் போதும், ரசம் மடியில். மலிவான கீல் போட்டால் இரண்டு வருஷத்தில் பலகை தலை தொங்கும். கூடச் சொல்ல வேண்டிய இன்னொன்று, 50 பேர் விசேஷத்துக்கு இது ஆகாது. அதற்கு வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது.

"தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் நம் பண்பாடு, மேசையே எதற்கு?" என்று ஒரு கூட்டம் கிளம்பும். பன்னிரண்டு மணி நேரம் செக்கிங் டேபிள் முன்னால் நின்றுவிட்டு வந்த காலைச் சம்மணம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பண்பாடு பேசுகிறவர் பெரும்பாலும் பரிமாறப்படும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பரிமாறுகிறவர் இலைக்கு இலை குனிந்து நிமிர்ந்து, எல்லோரும் எழுந்த பிறகு சமையலறை மூலையில் மிச்சத்தைச் சாப்பிடுவார்.

ஜப்பானில் முன்பு ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி மேசை வைத்துத் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாபுதாய் என்ற குட்டை மேசை வீடுகளில் பரவியது. கால்களை மடக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம், அதே அறையில் ராத்திரி படுக்கை விரிப்பார்கள். நம் லைன் வீட்டுக் கதையேதான். அந்த மேசை வந்த பிறகு குடும்பம் மொத்தமும் ஒன்றைச் சுற்றி உட்கார்ந்தது. மேசை மட்டுமே அதைச் செய்தது என்று சொன்னால் அது அதிகப்பிரசங்கம். ஆனால் உட்கார ஒரு இடம் இல்லாமல் சேர்ந்து சாப்பிட முடியாதே! பொருட்களைக் கையெட்டும் தூரத்தில் நடுவில் வைத்துவிட்டால் அவரவர் போட்டுக்கொள்ளலாம், பரிமாறுகிறவருக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது.

சீர் கொடுக்கப் போகிறவர்கள் கடைக்குப் போகும் முன் மாப்பிள்ளை வீட்டு ஹாலை ஒரு டேப் வைத்து அளந்துவிட்டுப் போகட்டும். அளக்கக் கூச்சமாக இருந்தால், "கல்யாணத்துக்கு அப்புறம் குடியிருக்கப் போற வீடு எதுங்க?" என்று பொண்ணிடமே கேட்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பி.கு: லைன் வீட்டுக்காரர்கள் அடிக்கடி வீடு மாறுவார்கள். ஒரு அடி ஒல்லியாக மடங்கும் மேசை எந்த வாசலிலும் நுழையும், டாடா ஏஸில் ஒரு ஓரமாக நிற்கும். ஆறு பேர் கண்ணாடி மேசையைக் குறுகலான மாடிப்படியில் ஏற்றிய அனுபவம் உள்ளவர்கள் பின்னூட்டத்தில் சொல்லலாம், கெட்ட வார்த்தை இல்லாமல்.