எரென் யேகருக்கு வக்காலத்து வாங்கும் தம்பி தங்கைகளுக்கு

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் என் பேரன் ஒரு மாதமாக வாட்ஸ்அப் முகப்பில் ஒரு பையன் படத்தை வைத்திருக்கிறான். நீள முடி, செத்த கண்கள். யார்றா இது என்று கேட்டேன். "எரென், அம்மாச்சி. உலகத்தையே அழிச்சவன். ஆனா அவன் மேல தப்பு இல்ல. அவனுக்கு வேற வழி இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு. பணி ஓய்வு பெற்ற டீச்சருக்குக் கார்ட்டூன் எதற்கு என்று கமெண்ட் போட வேண்டாம். ஹஜிமே இசயாமா எழுதி வரைந்த 'அட்டாக் ஆன் டைட்டன்' கதையின் படத்தொடர், 2013இல் தொடங்கி 2023 நவம்பரில் முடிந்தது. மொத்தத்தையும் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கதை தெரியக்கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. சுவர்களுக்குள் அடைபட்டு வாழும் மக்கள். வெளியே மனிதரைத் தின்னும் ராட்சதர்கள். சுவர் உடைந்த நாளில், பத்து வயது எரெனின் கண்ணெதிரே அவன் அம்மாவை ஒரு ராட்சசி தின்கிறாள். நான் அழுதேன், மறைக்கவில்லை. வளர்ந்து படையில் சேர்ந்து எல்லோருக்கும் நம்பிக்கையாகிறான். பிறகுதான் தெரிகிறது, கடலுக்கு அப்பால் மனிதர்கள் இருக்கிறார்கள், ராட்சதர்களை ஏவியவர்களே அவர்கள்தான் என்று. கடைசியில் அதே பையன் சுவர்களுக்குள் புதைந்திருந்த பெரும் ராட்சதர்களை எழுப்பி நடக்கவிட்டு, வெளியுலகில் 80 சதவீத மனிதர்களை மிதித்துக் கொல்கிறான்.

இதற்குத்தான் "வேற வழி இல்ல" என்கிறீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவன் நாட்டை உலகமே வெறுத்தது. பேசிப் பார்க்கலாம் என்று ஹாங்கே எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. நெருக்கடி பொய்யில்லை. ஆனால் எரெனே என்ன சொல்கிறான்? நீங்கள் தடுப்பீர்கள் என்று தெரியாமல் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்று கடைசியில் நண்பன் அர்மினிடம் ஒப்புக்கொள்கிறான். சின்ன வயதில் அர்மின் காட்டிய புத்தகத்தில் இருந்த கடலும் பனியும் நிறைந்த, ஆளில்லாத உலகம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. சுவருக்கு வெளியே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று தெரிந்தபோது அவனுக்கு ஏமாற்றமாக இருந்ததாம். மனிதர்கள் இருப்பதே ஏமாற்றம்! குற்றவாளி வாக்குமூலம் கொடுத்த பிறகும் வாதாடிக்கொண்டிருக்கும் வக்கீல்கள் நீங்கள்தான்.

அம்மாவுக்காகப் பழிவாங்கினான் என்றும் சொல்லாதீர்கள். காலத்தைத் தாண்டிய சக்தி கிடைத்தபின், அந்த ராட்சசியைத் தன் அம்மா இருந்த பக்கம் திருப்பிவிட்டதே தான்தான் என்றும் அவன் சொல்கிறான்.

மார்லி தேசத்தில் ரம்சி என்ற அகதிச் சிறுவனை அடியிலிருந்து காப்பாற்றுகிறான். பிறகு அவன் முன்னால் விழுந்து கதறி மன்னிப்புக் கேட்கிறான், அவனுக்குப் புரியாத மொழியில். பிறகு அவனும் அவன் சகோதரனும் மிதிபட்டுச் சாகிறார்கள். முன்கூட்டியே அழுதுவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? 32 வருடம் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். "அவன்தான் மொதல்ல அடிச்சான் டீச்சர்" என்று தேம்புகிற பிள்ளையின் கண்ணீர் உண்மைதான். எதிரே இருக்கிற பிள்ளையின் வாயிலிருந்து வடிகிற ரத்தமும் உண்மைதான்.

இவன் எங்கே தடம் மாறினான் என்று பலரும் கடைசி சீசனில் தேடுகிறார்கள். எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்தது. ஒன்பது வயதில் மிகாசாவைக் கடத்திய இருவரைக் குத்திக் கொல்கிறான். அவளைக் காப்பாற்றியதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் செத்தவர்கள் மனித உருவில் இருந்த மிருகங்கள் என்கிறான். அப்பா டாக்டர், படித்தவர். எதற்குத் திட்டுகிறார்? உயிரைப் பணயம் வைத்ததற்கு. மிருகம் என்ற அந்தச் சொல்லை அங்கே யாரும் திருத்தவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை வயது. எழுத்துப் பிழைக்கெல்லாம் சிவப்பு மையில் சுழித்த எனக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது.

"அவன் இடத்துல நீ இருந்தா?" என்று பேரன் கேட்டான். அதே கதையில் அதே இடத்தில் இருந்த ஒருவரைக் காட்டினேன். சாஷாவின் அப்பா. பெற்ற மகளைச் சுட்டுக் கொன்றவள் காபி என்ற சிறுமி. அது தெரியாமல் அவளுக்குத் தன் வீட்டிலேயே சாப்பாடு போட்டவர் அவர். ஒரு சாப்பாட்டு விடுதியில் உண்மை வெளிப்படுகிறது. சாஷாவை நேசித்த சமையல்காரன் நிக்கோலோ, இவள்தான் கொன்றாள் என்று கத்தியை நீட்டுகிறான். வாங்குகிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குத்தவில்லை. உலகமே ஒரு பெரிய காடாக இருக்கிறது, பிள்ளைகளையாவது அதிலிருந்து வெளியே வைக்க வேண்டும், பழைய பாவத்தைப் பெரியவர்கள் சுமக்க வேண்டும் என்கிற பொருளில் மெதுவாகப் பேசுகிறார். வேட்டைக்காரர், பெரிய படிப்பில்லை. இழவு விழுந்த வீடு. அவருக்கு வழி இருந்தது, தம்பிகளா.

எரென் செய்ததால் சண்டையாவது தீர்ந்ததா? மூன்று வருடம் கழித்து அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு நாட்டில் ஒரு ராணுவம் அணிவகுக்கிறது. புத்தகத்தின் கூடுதல் பக்கங்களில், வெகுகாலம் கழித்து, அவன் காப்பாற்றிய ஊரே குண்டுவீச்சில் சிதைகிறது.

இதை எழுதி முடித்துப் பேரனிடம் படிக்கக் கொடுத்தேன். "எல்லாத்தையும் சொல்லிட்டியே, கமெண்ட்ல திட்டப் போறாங்க" என்றான். அது போகட்டும், சாஷா அப்பா விஷயத்துக்கு என்ன சொல்றே என்றேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த சீன் அம்மாச்சி? அந்த எபிசோட்ல சண்டையே இல்லன்னு நான் அப்பவே ஓட்டிவிட்டு முடிச்சிட்டேன். திரும்பப் பார்த்தப்ப நீதான் பார்த்திருப்ப, நான் போன்ல இருந்தேன்."

இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதை மட்டும் மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன்.