ஆடுவது வீரனா, ஆடையா?

பாயான் லெப்பாஸ் ஒரு காலத்தில் நெல்வயல்கள் சூழ்ந்த சிற்றூர். 1972ஆம் ஆண்டில் அங்கே தடையற்ற தொழில் வட்டாரம் அமைந்தது. இன்டெல் முதலிய நிறுவனங்கள் வந்தன. அங்கு உருவான மின்னணுச் சில்லுகள் உலகெங்கும் சென்றன. கருவியால் வளம் பெற்ற அவ்வூரில் நின்று கருவியைப் பழிப்பது நன்றி கொன்ற செயலாகும். ஆயினும், கருவிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவ்வூர் மாணவனுக்கே முதலில் உணர்த்த வேண்டும். விளையாட்டுக் களம் அத்தகைய எல்லைகளுள் ஒன்று.

அறிவியல் வளர்ச்சியைத் தடுக்க இயலாது. விளையாட்டும் அதற்கு விலக்கன்று என்று வாதிடுவோர் உளர். நீச்சல் உலகம் கண்ட அவலத்தை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம். 2008ஆம் ஆண்டில் ஸ்பீடோ நிறுவனம் நாசா ஆய்வுக்கூடத்தின் துணையோடு ஒரு நீச்சலுடையை வெளியிட்டது. உடலை இறுக்கி, நீரின் தடையைக் குறைத்த உடை அது. அவ்வாண்டு பெய்ஜிங்கில் எட்டுத் தங்கம் வென்ற மைக்கல் பெல்ப்ஸ் அதனை அணிந்தவர்தாம். மறு ஆண்டே பிற நிறுவனங்கள் முழுதும் பாலியூரித்தேனால் ஆன உடைகளைக் கொணர்ந்தன. ரோம் நகரில் நடந்த 2009 உலகப் போட்டியில் 43 உலகச் சாதனைகள் சரிந்தன. 200 மீட்டர் பிரீஸ்டைல் நீச்சலில், புதிய உடை அணிந்த ஜெர்மானியர் பால் பீடர்மன் 1 நிமிடம் 42 விநாடியில் பெல்ப்சை வென்றார். நேற்று உடையால் உதவி பெற்றவர் இன்று உடையால் தோற்றார்! வென்றது தோளா, துணியா? வென்றவராலேயே நெஞ்சறியச் சொல்ல இயலுமா?

2010 சனவரி முதல் நாள் தொட்டு அவ்வுடைகள் தடை செய்யப்பட்டன. தடுக்க இயலாது என்றது பொய்யாயிற்று. ஆனால் தடை வருமுன் விளைந்த கேடு நீங்கவில்லை. பீடர்மனின் அச்சாதனை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் முறியடிக்கப்படவில்லை. பின்வந்த தலைமுறை, தான் அணிய இயலாத உடையோடு போட்டியிட நேர்ந்தது. காலம் கடந்த நீதி அரைகுறை நீதியே அன்றோ?

மட்டையும் காலணியும் கருவிகள்தாமே என்று வினவலாம். உண்மைதான். பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட் எட்டு முறை சுவர்ப்பந்து உலக வாகையர் ஆனார். 2006 முதல் 2015 வரை தரவரிசையில் முதலிடம் காத்தார். அவர் ஏந்தியதும் நவீன மட்டையே. ஆனால் அத்தகைய மட்டை எதிராளியின் கையிலும் இருந்தது. பந்தைத் துரத்தி ஓடியவை அவருடைய கால்களே. 2014இல் பூப்பந்து ஆட்டத்திற்கு வந்த ஒளிப்படக் கருவியும் அவ்வாறே: பந்து கோட்டிற்கு உள்ளா, வெளியா என்று காட்டுமேயன்றி, யாருக்காகவும் பந்தை அடிக்காது. உண்மையைக் காட்டும் கருவி வேறு. உழைப்பைப் பறிக்கும் கருவி வேறு.

உலகத் தடகள அமைப்பு 2020இல் சாலை ஓட்டக் காலணியின் அடித்தட்டு 40 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது என விதித்தது. நல்லதே, ஆனால் அதுவும் சாதனைகள் பல சரிந்த பின்னரே வந்தது. எல்லாருக்கும் ஒப்பக் கிட்டாத கருவியும், வீரனின் முயற்சியைத் தானே செய்யும் கருவியும் களத்துக்கு வருமுன்பே ஆராயப்பட வேண்டும். இன்றேல், தமிழ்ப்பள்ளித் திடலில் பயிலும் தொழிலாளியின் மகனை நோக்கி, 'உழைத்தால் உயர்வாய்' என்று கூறும் ஆசிரியரின் சொல் பொய்யாகிவிடும்.