அச்சமும் நீச்சலும்

நுழையும்முன்

நீரின்றி வாழ இயலாத மனிதர், அந்நீரைக் கண்டு அஞ்சுவதும் உண்டு. கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள ஊர்களில் வளர்ந்தோரிடம் இவ்வச்சம் மிகுதி. நீந்தத் தயங்கும் ஒருவர், முதன்முறையாகக் கடல்நீருக்குள் முகம் பதித்து மூச்சுவிடும்போது அவருக்குள் நேர்வது என்ன? அவ்வச்சம் பழிக்கத்தக்கதா, பயன்கொள்ளத்தக்கதா? இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

குளித்தல் என்னும் சொல்

குளித்தல் என்றால் உடலைத் தூய்மை செய்தல் என்றே இன்று பொருள்கொள்கிறோம். நீருள் மூழ்குதல் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. முத்துக்குளித்தல், சங்கு குளித்தல் என்னும் வழக்குகளில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. புறநானூற்றின் 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் காட்டும் முதியவர், தம் இளமையை நினைந்து ஏங்குகிறார். மரக்கிளையில் ஏறி ஆழமான மடுவில் பாய்ந்ததும், மூழ்கி அடிமணலை அள்ளி வந்து காட்டியதும் அவர் நினைவில் எழுகின்றன. பரிபாடல் வையை ஆற்றின் நீர்விளையாட்டைப் பாடுகிறது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே கடலாடு காதை எனப் பெயர் பெற்றுள்ளது. நீரோடு நெருங்கி வாழ்ந்த மக்களின் மொழி நம்முடையது. அந்நெருக்கம் இன்று எங்கே போயிற்று?

வற்றிய கிணறுகள்

கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே நொய்யலாற்றை ஒட்டிய பகுதியில் அமைந்த ஊர் சோமனூர். இரவும் பகலும் விசைத்தறிகளின் ஓசை ஓயாத ஊர் அது. கொங்குநாட்டின் பிற ஊர்களைப் போலவே இங்கும் ஒருகாலத்தில் கிணறுகளே நீச்சற்பள்ளிகள். உலர்ந்த சுரைக்காயை முதுகில் கட்டியும், இடுப்பில் கயிறு பிணைத்தும் பெரியவர்கள் சிறுவர்களை நீரில் இறக்கினர். கயிற்றின் மறுமுனை தந்தையின் கையிலோ மாமனின் கையிலோ இருந்தது. சில நாள்களில் சுரைக்காய் கழன்றது; பிறகு கயிறும் கழன்றது; நீச்சல் மட்டும் நிலைத்தது.

ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே நீரைத் தேடத் தொடங்கியபின் திறந்த கிணறுகள் பல வறண்டன. நொய்யலும் தன் பொலிவை இழந்தது. திருப்பூரைக் கடந்தபின் அவ்வாற்றில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, உழவர்களைத் துன்புறுத்தியது. 2011ஆம் ஆண்டு சனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிடும் அளவிற்கு நிலைமை முற்றியது. இத்தகைய சூழலில் வளர்ந்த பதினேழு வயது இளையோர் ஒருவர் நீந்த அறியாதிருப்பது அவருடைய குறையன்று. கற்பதற்கு உரிய நீர் அவருக்குக் கிட்டவில்லை.

ஆயினும் நீர் அவர் வாழ்வில் குறுக்கிடாமல் இருப்பதில்லை. விடுமுறையில் அணைக்கும் அருவிக்கும் கடற்கரைக்கும் இளையோர் குழுவாகச் செல்கின்றனர். பழகாத நீரில் இறங்குகின்றனர். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர் என உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. எனவே நீச்சலைப் பற்றிய பேச்சு, பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு மட்டுமன்று, உயிரைப் பற்றியதுமாகும்.

முகமூடியும் மூச்சுக்குழாயும்

கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி ஒன்று. வாயில் கவ்விக்கொள்ளும் வளைந்த குழாய் ஒன்று. இவ்விரண்டையும் அணிந்து, நீரின் மேற்பரப்பில் குப்புற மிதந்தவாறே கடலடியைக் காண்பதை ‘ஸ்நார்க்லிங்’ என்பர். இலட்சத்தீவின் ஆழமற்ற காயல்களிலும், அந்தமான் தீவுகளிலும், இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே உள்ள புறாமலைத் தீவிலும் பயணிகள் இதில் ஈடுபடுகின்றனர்.

நீச்சலுக்கு அஞ்சுபவருக்கு முதற்சில நிமிடங்கள் கடினமானவை. மூக்கு மூடப்பட்டவுடன் மூச்சே அடைபட்டதாக மனம் மருள்கிறது. முகம் நீரில் படிந்ததும் மூச்சு விரைவாகவும் மேலோட்டமாகவும் மாறுகிறது. அவ்வாறு மாறினால் புதிய காற்று நுரையீரலின் ஆழத்திற்குச் செல்வதில்லை. குழாயில் தங்கிய பழைய காற்றே திரும்பத் திரும்ப உள்ளே வருகிறது. மூச்சுத் திணறல் மிகுகிறது; அச்சமும் பெருகுகிறது. அச்சம் மூச்சைக் குலைக்க, குலைந்த மூச்சு அச்சத்தை வளர்க்கிறது. இச்சுழலை அறுக்கும் வழி எளியது. நின்றால் இடுப்பளவே இருக்கும் நீரில், ஒரு கையால் படகின் விளிம்பையோ பயிற்றுநரின் கையையோ பற்றியவாறு, மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக மூச்சை வெளிவிடுதலே அது. குழாயில் நீர் புகுந்தால் வாயால் வலுவாக ஊதி வெளியேற்றலாம். அதனையும் கரையோரத்திலேயே பலமுறை பழகிக்கொள்ள வேண்டும்.

அமைதியாக மூச்சுவிடுபவரை நீரும் தாங்குகிறது. கடல்நீர் உப்பு கலந்தமையால் நன்னீரைவிட அடர்த்தி மிக்கது. நுரையீரலில் காற்று நிறைந்த நிலையில் பெரும்பாலோரின் உடல் அதில் மிதக்கும். உயிர்காப்பு மிதவைச் சட்டையும் அணிந்திருந்தால் கைகால்களை உதைத்துப் போராட வேண்டிய தேவையே இல்லை. முகமூடிக்குள் கண்முன்னே காற்று இருப்பதால் காட்சி தெளிவாகிறது. நீரிலிருந்து காற்றுக்குள் ஒளி விலகி வருவதால் மீன்கள் சற்றுப் பெரியனவாகவும் அருகில் உள்ளனவாகவும் தோன்றுகின்றன. பவளப்பாறையின் இடுக்கிலிருந்து வண்ணமீன் ஒன்று எட்டிப் பார்க்கும்போது, அஞ்சியவரின் கவனம் தம் மூச்சை விட்டு அம்மீனின்மேல் செல்கிறது. அப்பொழுதே அவர் மிதக்கக் கற்றுவிடுகிறார்.

தெரியுமா?

மூச்சுக்குழாய் பெரும்பாலும் 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அதனை நீட்டி ஆழத்திலிருந்து மூச்சுவிட இயலாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் மார்பை நெருக்கி, காற்றை உள்ளிழுக்க விடாமல் தடுக்கும்.

அச்சம் பகையா?

நீருக்கு அஞ்சுவோரைத் திடீரெனத் தள்ளிவிட்டால் தாமே நீந்துவர் என்று கருதுவோர் உளர். “எங்கள் காலத்தில் அப்படித்தான் கற்றோம்” என்று அவர்கள் பெருமிதம் கொள்வதும் உண்டு. ஆனால் அக்காலக் கிணற்றிலும் சுரைக்காய் இருந்தது, கயிறு இருந்தது, கயிற்றைப் பிடித்த கை இருந்தது. அவற்றை மறந்துவிட்டுத் தள்ளுதலை மட்டும் நினைவில் வைத்திருப்பது முறையன்று. தள்ளப்பட்டோருள் சிலர் நீந்தியிருக்கலாம். வாழ்நாள் முழுதும் நீரை வெறுத்தோரும் அவர்களுள் உண்டு.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் வீரத்திற்குப் பெயர்பெற்றவர்கள். அவர்களும் தனியே மூழ்கவில்லை. கல் கட்டிய கயிற்றின் துணையால் விரைந்து கீழே சென்றனர். மூச்சுமுட்டும் வேளையில் கயிற்றை அசைத்தனர். படகிலிருந்தவர் உடனே மேலே இழுத்தார். தம் மூச்சின் எல்லையை அறிந்தமையே அவர்களைக் காத்தது. இன்றும் இராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கின்றனர். நீர் ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணத்திற்கு அவர்களின் உழைப்பே மறுமொழி.

அஞ்சத்தக்கவற்றுக்கு அஞ்சுதலை அறிவுடையோர் இயல்பாகக் கருதினார் வள்ளுவர். அச்சம் உடையவர் ஆழத்தைக் கேட்டறிகிறார். மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டுகிறார். துணையின்றி இறங்க மறுக்கிறார். அச்சமே இல்லாதவர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே அச்சம் நீந்துவோரின் பகையன்று. அச்சத்தை மறைக்கச் செய்யும் ஏளனமே பகை. நண்பர் நகைப்பார் என்பதற்காக, நீந்தத் தெரியாது என்பதைச் சொல்லாமல் ஆழத்தில் இறங்கும் இளைஞர், கடலைவிடக் கேலிக்கே மிகுதியாக அஞ்சுகிறார். அவ்வச்சம்தான் உயிரைப் பறிக்கக்கூடியது.

கற்பிக்கும் கடமை

தாழ்வான நிலப்பரப்பில் வாழும் நெதர்லாந்து மக்கள், தம் குழந்தைகள் படிப்படியாக நீச்சற்சான்றிதழ் பெறுவதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். உடுத்திய ஆடையுடனேயே நீந்திக் காட்டுவதும் அத்தேர்வின் ஒரு பகுதி. தவறி விழுபவர் நீச்சலுடையில் விழுவதில்லை அல்லவா? வங்கதேசத்தில் ஊர்க்குளங்களிலேயே மூங்கில் மேடை அமைத்துச் சிறுவர்க்கு நீச்சல் கற்பிக்கின்றனர். பெருஞ்செலவின்றியும் இதனைச் செய்யலாம் என்பதற்கு அது சான்று. 2021ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

சோமனூர் போன்ற ஊர்களுக்கு இவ்வறிவிப்பின் பொருள் என்ன? எழுத்தையும் எண்ணையும் போல நீச்சலும் அடிப்படைக் கல்வியாதல் வேண்டும். கிணறு கற்பித்ததை இனிப் பொதுக் குளங்களும் பள்ளிகளும் கற்பித்தல் வேண்டும். அங்கே பெண்குழந்தைகள் தயக்கமின்றிப் பயில்வதற்குப் பெண் பயிற்றுநரும் தனி நேரமும் தேவை. செலவுமிக்கது என்று இதனைத் தள்ளிவைத்தல் தகாது. ஊர் தோறும் இழக்கும் இளம் உயிர்களின் விலையை எவரும் கணக்கிட இயலாது. குளமும் ஆறும் தூய்மையாக இருந்தால்தான் நீச்சலும் நிலைக்கும். ஆகவே நீர்நிலைகளைக் காத்தலும் இக்கல்வியின் ஒரு பகுதியே.

நீந்தத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்பவர் கற்றலின் முதற்படியில் நிற்கிறார். அவரைக் கண்டு நகைக்காமல், கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் முன்வருவாராயின், நீரோடு நமக்கிருந்த பழைய உறவு மீண்டும் தளிர்க்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் முற்காலத்தில் நீச்சல் கற்ற இடங்கள், கற்பித்த முறைகள் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.

2. நீர் தொடர்பான வட்டாரச் சொற்களைத் திரட்டி, பொருளுடன் அகரவரிசையில் எழுதுக.

3. ‘நீச்சலைக் கட்டாயப் பாடமாக்கலாம்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.