பேசிக் கலைந்தவர்களே, வாசல் எங்கே?

2011, 2012-ல் இந்திய, பாகிஸ்தான் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இரு தலைநகரங்களிலும் கூடிப் பேசினார்கள். வணிகம் வளர வேண்டும் என்றார்கள். நல்லது! அதையே தேர்தல் மேடையில் உரக்கச் சொன்னவர் எத்தனை பேர்?

1996-லேயே பாகிஸ்தானுக்கு 'மிகவும் வேண்டப்பட்ட நாடு' என்ற தகுதியை இந்தியா வழங்கியது. பெயர்தான் பெரிது, மற்ற நாடுகளுக்குள்ள அதே வரி என்பதே பொருள். பதிலுக்குத் தர 2011 நவம்பரில் பாகிஸ்தான் அமைச்சரவை கொள்கையளவில் சம்மதித்தது. கொடுத்ததா? கடைசிவரை இல்லை! உள்நாட்டு எதிர்ப்புக்கு அஞ்சி இழுத்தடித்தது.

புல்வாமா தாக்குதலுக்குப் பின், 2019 பிப்ரவரியில் இந்தியா அத்தகுதியைப் பறித்து 200 சதவீத வரி விதித்தது. ஆகஸ்டில் பாகிஸ்தான் வணிகத்தையே நிறுத்தியது. 2025 ஏப்ரலில், பஹல்காம் படுகொலைக்குப் பின், அட்டாரி சோதனைச் சாவடியும் மூடப்பட்டது.

கொலைகாரனைப் பிடியுங்கள், தண்டியுங்கள். யார் குறுக்கே நிற்கிறார்? அட்டாரியில் மூட்டை சுமந்தவன் என்ன குற்றம் செய்தான்? காய்ந்த பேரீச்சை வாங்கி விற்ற அமிர்தசரஸ் சிறு வியாபாரி என்ன செய்தான்? பெரும்புள்ளிகளுக்கு அன்று துபாய் வழி இருந்தது. இவர்களுக்கு?

சகோதரர்களே! இப்படிக் கேட்பவரை 'பாகிஸ்தான் ஏஜெண்ட்' என்று முத்திரை குத்துகிறார்கள். 1996-ல் அந்தத் தகுதியைக் கொடுத்தது டெல்லி அரசு. அது யாருடைய ஏஜெண்ட்?