தொப்பியில் துலங்கும் அந்நிய நட்சத்திரம்

நாடு சுதந்திரமடைந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், இந்தியக் கிரிக்கெட் வீரர்களின் தொப்பியிலும் மார்பிலும் அந்நிய ஆட்சியின் சின்னமொன்று துலங்கிக்கொண்டிருக்கிறது. இது அற்ப விஷயம் என்று ஒதுக்குவோர் உளர். கொடியாவது வெறும் துணிதானே என்று அன்றும் சிலர் கேட்டார்கள். 1932-இல் திருப்பூர்க் குமரன் அந்தத் துணியைக் கைவிடாமலே தடியடிபட்டு உயிர் துறந்தார். அவர் பிறந்த தமிழ்நாட்டில் சின்னத்தைப் பற்றிய கேள்வி அற்பமாகாது.

மழை பொய்த்த ஆண்டுகளில் நமது அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்கள் வறண்டு, சிறுவர்களின் கிரிக்கெட் மைதானங்களாகி விடுகின்றன. கடைவீதியில் வாங்கிய நீலச் சட்டையை அணிந்து ஆடும் அச்சிறுவரில் எத்தனை பேருக்கு அதிலுள்ள நட்சத்திரத்தின் சரித்திரம் தெரியும்? 1861-இல் விக்டோரியா மகாராணியார் 'இந்திய நட்சத்திரம்' என்னும் விருதை ஏற்படுத்தினார். 1857-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், ஆங்கில ஆட்சிக்கு விசுவாசமாயிருந்த சுதேச மன்னர்களையும் உயர் அதிகாரிகளையும் கௌரவிக்க எழுந்தது அது. 1928-இல் தோன்றிய கிரிக்கெட் போர்டின் சின்னம் அவ்விருதின் வடிவத்தைப் பெரிதும் ஒத்தது. 1948-க்குப் பின் அவ்விருது ஒருவருக்கும் வழங்கப்படவில்லை. விருது மறைந்தது, அதன் நிழல் மட்டும் நம் வீரர்களின் நெஞ்சில் நிலைத்தது. 2018-இல் மத்திய தகவல் ஆணையமே இதைச் சுட்டிக்காட்டிச் சர்க்காரிடம் விளக்கம் கேட்டது. ஆயினும் சின்னம் மாறவில்லை.

ஹாக்கி வீரர்களின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்கு முன், உடை மாற்றும் அறையில் பங்கஜ் குப்தா மூவர்ணக் கொடியை எடுத்து விரிக்க, தியான் சந்தும் தோழர்களும் அதை வணங்கிவிட்டுக் களம் புகுந்து, ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். அது ஆகஸ்டு 15-ஆம் தேதி! பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1948 ஆகஸ்டு 12-இல், சுதந்திர பாரதத்தின் ஹாக்கி அணி லண்டனிலேயே பிரிட்டனை நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தபோது அதே கொடி பகிரங்கமாகப் பறந்தது. அடிமை நாட்டில் ஒளித்து வணங்கிய சின்னம் அவர்களுடையது. சுதந்திர நாட்டிலும் அந்நியச் சின்னத்தைச் சுமப்பது இவர்களுடைய நிலை.

இதற்குச் சட்டத்தின் பெயரால் ஒரு சமாதானம் கூறப்படலாம். போர்டு சென்னையில் பதிவான ஒரு தனிச் சங்கம். 2005-இல் உச்ச நீதிமன்றமும் அரசியல் சட்டத்தின் 12-ஆவது விதிப்படி அது 'அரசு' ஆகாது என்று தீர்ப்பளித்தது என்பர். மெய்தான். ஆனால் அதே நீதிமன்றம், அணியைத் தேர்ந்தெடுத்து நாட்டின் பெயரால் அனுப்புவது பொதுக் கடமைக்கு ஒப்பானது என்பதையும் ஒப்புக்கொண்டது. தனிச் சங்கமாயின் 'இந்தியா' என்ற பெயரை மார்பில் எழுத அதற்கு என்ன உரிமை? நாட்டின் அணியாயின் நாட்டின் சின்னத்தை மறுக்க என்ன நியாயம்? இரண்டில் ஒன்றைப் போர்டார் தெரிந்துகொள்ளட்டும்.

நாயுடு முதல் கபில் தேவ் வரை அணிந்த சின்னமாயிற்றே, 2025-இல் உலகக் கோப்பை வென்ற நம் வீராங்கனைகளும் அதைத்தானே தரித்தார்கள் என்று உருகுவோரும் உண்டு. அவர்களுடைய வியர்வையால் அந்த நட்சத்திரத்துக்குப் பெருமை வந்ததேயன்றி, நட்சத்திரத்தால் அவர்களுக்குப் பெருமை வரவில்லை. பழைய தொப்பிகளைக் காட்சிச்சாலையில் பக்தியோடு வைப்போம். புதிய தலைகளில் ஏற்ற வேண்டாம்.

எனினும் மாற்றம் அவசரக் கோலமாகிவிடலாகாது. 2001-இல் கடற்படைக் கொடியிலிருந்து ஆங்கிலேயரின் செஞ்சிலுவையை நீக்கினார்கள். புதிய நீலச் சின்னம் கடலோடும் வானோடும் கலந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்ற குறையெழவே, 2004-இல் சிலுவை திரும்பி வந்தது. 2022-இல்தான் அது முற்றும் நீங்கியது. 2019-இல் வீரர்களின் சட்டைக்குக் காவி நிறம் சேர்ந்தபோதோ அது கட்சிச் சண்டையாக மூண்டது. சின்னம் ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் பொதுவாயிருக்க வேண்டும். தூரத்திலிருந்தும் துலங்க வேண்டும். மூவர்ணத்தைச் சட்டையில் தைத்துவிட்டால் போதும் என்பதும் சரியன்று. கொடியை உடையில் எங்கே அணியலாம், எங்கே கூடாது என்று 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரையறுத்திருக்கிறது. இடுப்புக்குக் கீழே அது வரலாகாது. விளம்பரத்துக்கு அதைப் பயன்படுத்துவதைக் கொடி விதிகள் தடுக்கின்றன. வர்த்தகக் கம்பெனியின் பெயர் மார்பெல்லாம் பரந்து கிடக்க, நாட்டின் சின்னம் ஓரத்தில் ஒண்டிக் கிடப்பதைச் சீர்திருத்தம் என்று யாரும் கூறார்.

ஆகவே நாம் வேண்டுவது இது: புதிய சின்னத்துக்குத் தேச மக்கள் அனைவருக்கும் திறந்த போட்டி ஒன்றைப் போர்டு அறிவிக்கட்டும். நகரத்து விளம்பரக் கம்பெனிகள் மட்டுமின்றி, தறியும் சாயமும் அறிந்த அருப்புக்கோட்டை நெசவாளரும் அதில் கலந்துகொள்ளட்டும். எந்த வர்ணம் எந்த வர்ணத்தோடு நிற்கும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? 2028-இல் போர்டுக்கு நூறு வயது நிறைகிறது. அவ்வாண்டே லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் மீண்டும் இடம் பெறுகிறது. அந்த நூற்றாண்டு விழாவை விக்டோரியா மகாராணியாரின் நட்சத்திரத்தின் கீழ்க் கொண்டாடுவதா என்பதற்குப் போர்டார் இப்பொழுதே விடை கூறியாக வேண்டும்.