வேலை தேடும் காலமும் ஒரு தபசே

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் திருத்தலம் விழாக்கோலம் பூணும். அரியும் அரனும் ஒன்றே என்பதைச் சங்கன், பதுமன் என்னும் நாகர்களுக்கும் அவர்கள் வழியே உலகுக்கும் உணர்த்த வேண்டி, அன்னை கோமதி புன்னைவனத்தில் தவம் இயற்றினாள். அவளுக்கு எம்பெருமான் சங்கரநாராயணராகக் காட்சி தந்தருளிய நாளே ஆடித்தபசு. அன்று உழவர் பெருமக்கள் தம் வயலில் விளைந்தவற்றைச் சூறைவிட்டு அம்பிகைக்கு நன்றி செலுத்துவர். புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் இட்டுக்கொண்டு, ஊர்கூடி அந்தக் காட்சிக்காகக் காத்திருப்பர்.

அந்தக் கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரைக் காண இயலாது. ஆடித் திங்கள்தான் ஜவுளிக்கடைகளுக்குத் தள்ளுபடி விற்பனைக் காலம். அந்த மாதத்தில் விடுப்பு அரிது. சங்கரன்கோவிலிலிருந்தும் சுற்றுச் சிற்றூர்களிலிருந்தும் பொதிகை விரைவு வண்டியேறிச் சென்னைக்குச் சென்ற பிள்ளைகள், தபசுக் காட்சி நேரத்தில் தியாகராய நகரில் புடைவை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதே நிலைதான். ஊரார் புத்தாடை உடுக்க, அதை எடுத்துக் கொடுத்த கைகள் ஓய்வின்றி உழைத்துக்கொண்டிருக்கும்.

பல ஆண்டுகள் அவ்வாறு உழைத்த பின், ஒருநாள் அவர்கள் பெட்டியோடு ஊர் திரும்புகிறார்கள். நாள் முழுதும் நின்றதால் கால் நரம்பு சுருட்டிக்கொண்டவர் உண்டு. முதுமையடைந்த பெற்றோரைப் பேண வந்தவர் உண்டு. வயது முப்பதைக் கடந்ததும் இனி இது போதும் என்று முடிவு செய்தவரும் உண்டு. கடைப் பணியாளர் அமர்வதற்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று தமிழகச் சட்டப்பேரவை 2021ஆம் ஆண்டில்தான் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அமர்வதற்கே ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் அந்தப் பிள்ளைகள் எத்தனை ஆண்டுகள் நின்றிருப்பார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீடு திரும்பிய பிள்ளையிடம் பெரியவர்கள் நாம் கேட்கும் முதற்கேள்வி என்ன? "துணி மடிப்பதைத் தவிர உனக்கு வேறென்ன தெரியும்? இனி யார் உனக்கு வேலை கொடுப்பார்கள்?" நாம் கவலையால்தான் கேட்கிறோம். ஆயினும் அந்தச் சொல் அவன் நெஞ்சில் தைத்துவிடுகிறது. தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவனே நம்பத் தொடங்கிவிட்டால், அதன்பின் எந்த வாயிலையும் அவன் தட்டமாட்டான்.

ஆடி மாதத்துக் கேட்டை நாளில் நாம் வணங்கும் அடியார் ஒருவர் இங்கே நமக்கு வழிகாட்டுகிறார். அவர் திருவொற்றியூரில் எண்ணெய் வணிகர் மரபில் தோன்றிய கலிய நாயனார். பெருஞ்செல்வராய் விளங்கிய அவர், ஆலயத்தின் உள்ளும் புறமும் அல்லும் பகலும் எண்ணற்ற விளக்குகளை ஏற்றி வந்தார். இறைவன் திருவுள்ளத்தால் அவர் செல்வம் முழுதும் தேய்ந்தது. நாயனார் என்ன செய்தார்? தம் மரபினரிடமே எண்ணெய் வாங்கிக் கொண்டுபோய் விற்று, கிடைத்த கூலியால் விளக்கேற்றினார். முதலாளியாய் இருந்தவர் பிறர் சரக்கைச் சுமந்து விற்பவரானார். பின்னர் அவர்களும் எண்ணெய் கொடுக்க மறுத்தனர். நாயனார் செக்கு ஆடும் இடத்திற்குச் சென்று கூலியாளாக உழைத்தார். கூலிக்கு வருவோர் பலராகிவிட்டதால் அந்த வேலையும் கிடைக்காமற் போயிற்று என்று சேக்கிழார் பெருமான் குறிப்பிடுகிறார். அதன்பின் நிகழ்ந்தவை நம் மனத்தை நடுங்கச் செய்பவை. முடிவில் தம் குருதியையே எண்ணெயாக வார்க்கத் துணிந்த அவர் கையை இறைவன் பற்றித் தடுத்து ஆட்கொண்டான்.

இவ்வரலாற்றைப் பக்திக்காகவே படிக்கிறோம். வாழ்க்கைக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. நாயனார் தொழிலை இரண்டு முறை மாற்றினார். விளக்கை மட்டும் மாற்றவில்லை. வணிகமோ, சுமந்து விற்பதோ, செக்காட்டுவதோ எதுவும் அவருக்கு இழிவாகத் தோன்றவில்லை. அவர் நாடிய ஒவ்வொரு புதிய வேலையும் தாம் முன்பே நன்கறிந்த எண்ணெயோடு தொடர்புடையதாகவே இருந்தது என்பதும் கருதத்தக்கது. அறிந்ததைக் கைப்பிடியாகப் பற்றிக்கொண்டே அறியாத படியில் கால்வைத்தார்.

நம் பிள்ளைகளும் அவ்வாறே தொடங்கலாம். ஒரு மாலைப்பொழுதில் பேரனை அருகில் அமர்த்தி, கடையில் அவன் செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதச் செய்யுங்கள். சரக்கு இருப்புக் கணக்கு பார்த்திருப்பான். கணினியில் விற்பனைச் சீட்டு போட்டிருப்பான். கோபத்தோடு வந்த வாடிக்கையாளரைச் சிரித்த முகத்தோடு அனுப்பியிருப்பான். மலையாளமும் தெலுங்கும் இந்தியும் பேசப் பழகியிருப்பான். நூலின் தரத்தை விரலால் தொட்டே சொல்லுவான். இவை யாவும் திறமைகளே. மருத்துவமனை வரவேற்பிடத்திற்கும், சரக்குக் கிடங்கிற்கும், கணக்கு எழுதும் அலுவலகத்திற்கும், காப்பீட்டு முகவர் பணிக்கும் இவைதாம் தேவை. விசைத்தறிகள் ஓடும் சங்கரன்கோவிலில், நகரத்து மக்கள் எந்த நிறத்தையும் எந்தக் கரையையும் விரும்புவர் என்று அறிந்தவனுக்கு மதிப்பில்லாமற் போகாது. கணினிக் கணக்குப் பதிவு போன்ற ஒரு சிறு பயிற்சியை அதனோடு சேர்த்துக்கொண்டால் வாயில்கள் மேலும் திறக்கும். படிப்பை இடையில் நிறுத்தியவர்கள் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடிக்கலாம். அதற்கு வெட்கம் வேண்டுவதில்லை.

சில காரியங்களைப் பெரியவர்கள் நினைவூட்டினால் நன்று. பழைய நிறுவனத்திலிருந்து பணிச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வருங்கால வைப்பு நிதிப் பணத்தைக் கைச்செலவுக்கென்று உடனே எடுத்துவிடாமல், புதிய வேலையில் அதே கணக்கு எண்ணைத் தொடரச் செய்வது நலம். வெவ்வேறு இடங்களில் பணி செய்த ஆண்டுகள் கூட்டிக் கணக்கிடப்பட்டு, மொத்தம் 10 ஆண்டுகள் நிறைந்தால், 58 வயதில் ஓய்வூதியத்திற்குத் தகுதி உண்டாகும். ஒரே நிறுவனத்தில் 5 ஆண்டுகள் இடைவிடாது உழைத்தவர் பணிக்கொடை பெறும் உரிமை உண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, அங்கே நடைபெறும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் சென்று வரலாம். அவற்றுக்குக் கட்டணம் இல்லை.

கட்டணம் என்றதும் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையின்றி இருக்கும் வீட்டின் வாயிலை முதலில் தட்டுபவன் பெரும்பாலும் இடைத்தரகன். அரசு வேலை என்றும், வெளிநாட்டு வேலை என்றும், ஆலயத்தில் பணி என்றும் ஆசை காட்டி முன்பணம் கேட்பான். பாட்டியின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்பி வந்ததாக நாம் கேள்விப்படுவது அரிது. முன்பணம் கேட்கும் வேலையை வேலையென்று கொள்ள வேண்டாம். வெளிநாடு அனுப்புவதாகச் சொல்பவர், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி நடுவணரசிடம் பதிவு பெற்றவர்தாமா என்று விசாரிக்காமல் ஒரு காசும் கொடுக்கலாகாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். தம்பியின் படிப்புக்கும் தங்கையின் திருமணத்திற்கும் பணம் அனுப்பிவிட்டு, தமக்கென ஒன்றும் சேர்க்காமல் திரும்பிய பெண்கள் பலர். "இனி எதற்கு வேலை, வீட்டோடு இரு" என்று அவர்களிடம் சொல்லுவது அன்புபோல் தோன்றும். ஆயினும் இத்தனை ஆண்டுகள் குடும்பத்தைத் தாங்கிய கைகளுக்கு, தம் வருங்காலத்தைத் தாமே அமைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. அவள் என்ன விரும்புகிறாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வேலை உடனே கிடைத்துவிடாது. ஒரு மாதமாகலாம், ஆறு மாதமாகலாம். அந்தக் காலத்தை வீண்பொழுது என்று எண்ண வேண்டாம். அம்பிகையே ஆனாலும் வேண்டிய காட்சியைக் காணக் கயிலையை விட்டு வந்து புன்னைவனத்தில் தவமிருக்க நேர்ந்தது. குறிக்கோள் தெளிவாய் இருந்தபடியால் அந்தக் காத்திருப்பு தபசாயிற்று. காலையில் எழுந்து நீராடி, விண்ணப்பம் எழுதி, நான்கு இடங்களுக்கு நடந்து, மாலையில் வெறுங்கையோடு திரும்பும் பிள்ளையும் தவம் செய்பவனே. தவம் செய்பவரைப் பழித்துரைப்பது நம் மரபன்று.

ஆகவே இந்த ஆடியில் அன்னை கோமதியின் சந்நிதியில் நிற்கும்போது, "என் பிள்ளைக்கு வேலை கொடு தாயே" என்று வேண்டுங்கள். கூடவே, "அது கிடைக்கும் வரை அவனிடம் இன்சொல் பேச எனக்கு வரம் கொடு" என்றும் வேண்டிக்கொள்ளுங்கள். முதல் வரம் வரும் நாளை அவள் அறிவாள். இரண்டாவது வரத்தை இன்று இரவு அவனுக்குச் சோறு பரிமாறும்போதே நீங்கள் பெற்றுவிடலாம்.