ஒரு நாள் விருந்தும் ஓராண்டுக் குடியும்

நகரம் ஒன்றை அறிய விரும்புவோர் அதன் கோபுரத்தைப் பார்க்கின்றனர், கடைவீதியைப் பார்க்கின்றனர். அவை போதா. அந்நகரில் தங்குவதற்கு ஓர் அறை தேடிப் பார்த்தல் வேண்டும். அப்போதுதான் நகரம் நம்மிடம் மனம்விட்டுப் பேசும்.

குடிபாலா என் ஊர். பிழைப்பு நாடி வேலூர்ப் பக்கமிருந்து அங்குக் குடியேறியவர்கள் என் பெற்றோர். வீட்டுக்குள் தமிழ், வாசலுக்கு வெளியே தெலுங்கு என்று வளர்ந்தவன் நான். சிறுவயதில் மொட்டையடித்துக்கொள்ளத் திருப்பதிக்குப் பலமுறை வந்திருக்கிறேன். ஆயினும், வேதியியல் முதுகலை படிக்கப் பெட்டியுடன் வந்திறங்கிய நாளைத்தான் முதல் வருகை என்பேன். சந்திரகிரிக் கோட்டையைக் கடந்ததும் மலை தெரிந்தது. அதே மலை, வந்தவன்தான் வேறு.

எவ்வளவு விரைந்து வளர்கிறது இந்நகரம்! 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2 இலட்சத்து 28 ஆயிரம் பேர். 2011இல் 2 இலட்சத்து 87 ஆயிரம் பேர். 2007இல் மாநகராட்சியாயிற்று, 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 1954இல் தோன்றிய நம் பல்கலைக்கழகத்தை அடுத்து, 2015இல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் இங்கு வந்தன. 2023இல் திறந்த நெடிய மேம்பாலத்தின் மேல் வண்டிகள் பறக்கின்றன.

இவற்றை எல்லாம் வியந்தபடி அறை தேடினேன். ஒரு வீட்டுக்காரர் கேட்டார்: "எத்தனை நாளைக்கு?" "இரண்டு ஆண்டுக்கு" என்றேன். அவர் சிரித்தார். யாத்திரிகர் ஒரு வாரத்தில் தருவதை நான் ஒரு மாதத்திலும் தர இயலாது என்பது அவர் கணக்கு. அவரை நான் குறை கூறேன்; கணக்கில் பிழை இல்லை. ஆனால், எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து என்னுடன் இடம் பெற்ற மாணவி ஒருத்தி, பாதுகாப்பான அறை கிடைக்காமல் பத்தாம் நாள் ஊர் திரும்பினாள். மதிப்பெண்ணில் அவள் எனக்கு மேல். அந்தப் பிழையை யார் கணக்கில் எழுதுவது?

ஒரு நாள் விருந்தினரை ஓம்பும் கலையில் திருப்பதிக்கு நிகர் திருப்பதியே. நாள்தோறும் பல்லாயிரவர் வருகின்றனர். அவர்களுக்கு அன்னதானம் உண்டு, தங்குமிடம் உண்டு, வரிசை உண்டு. நிலைத்து வாழ வருபவனுக்கோ வரிசைகூட இல்லை.

தண்ணீரைப் பாருங்கள். என் அறையின் ஆழ்குழாய் நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்தேன்; கடினத்தன்மை மிகுதி. கோடையில் அதுவும் வற்ற, லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நின்றேன். இதே நகரம் 2021 நவம்பரில் வெள்ளத்தில் மிதந்தது. நீர் தங்கும் தாழ்நிலத்தில் வீடு எழுந்தால், மழையில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் மாறி மாறி வருதல் இயல்பன்றோ?

தமிழர்களாகிய நமக்கும் ஒன்று சொல்வேன். வேங்கடம் என்றவுடன் நம்மிற் சிலர் எல்லைக் கதையைத் தொடங்கிவிடுகிறோம். திருமலைக் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழ் என்பது உண்மை. 1953இல் ஆந்திரம் பிரிந்ததும், 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்ததும் வரலாறு. பெருமை கொள்வோம்; தவறில்லை. ஆனால் பழம்பெருமை எவனுக்கும் அறை பிடித்துத் தராது. சென்னைக்குக் கிருஷ்ணை நீர் தர 1983இல் இரு மாநிலமும் ஒப்பந்தம் செய்தன. அந்தத் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் நீரைச் சென்னையும் பருகுகிறது, திருப்பதியும் பருகுகிறது. தண்ணீர் எல்லை கேட்கவில்லை. நாம் ஏன் கேட்க வேண்டும்?

ஆகவே என் கருத்து இது. மாணவர் இடங்களைக் கூட்டும் ஒவ்வொரு நிறுவனமும் அத்தனை படுக்கைகளையும் எண்ணிக் கூட்டட்டும். பெண்களுக்கு முதலில் எண்ணட்டும். இதை நாம் தெலுங்கு மாணவரோடு சேர்ந்தே கேட்போம். கடப்பையிலிருந்து வருபவனுக்கும் இதே துன்பந்தான். அரசு செய்யும்வரை நம் சங்கம் வாளா இருத்தல் வேண்டா. நம்பத்தக்க அறைகளின் பட்டியல் ஒன்று எழுதுவோம். சேர்க்கைக் காலத்தில் பேருந்து நிலையத்தில் இருவர் இருவராக நிற்போம். தெலுங்கு அறியாத தம்பி தங்கையர்க்கு, வாடகை பேசும் அளவுக்கேனும் ஒரு மாதத்தில் கற்றுக் கொடுப்போம்.

பொங்கல் விழாவுக்கு நாம் திரட்டும் பொருளில் பாதியும் இதற்கு வேண்டியதில்லை. சென்ற ஆண்டு இது இருந்திருந்தால், என் வகுப்பில் முதல் வரிசையில் ஓர் இருக்கை வெறுமையாய்க் கிடந்திராது.

அடுத்த ஆண்டும் ஒருத்தி பெட்டியுடன் வந்திறங்குவாள். "எத்தனை நாளைக்கு?" என்று ஊர் கேட்கும். "படித்து முடிக்கும்வரை" என்று அவளோடு நின்று சொல்ல, நாம் நால்வரேனும் வேண்டும், தோழர்களே!